கார் பாகங்களைத் தொழிற்சாலையிலேயே பெயின்ட் அடித்து விற்க வேண்டுமா?

விற்க வேண்டும். எல்லாவற்றையும் அல்ல, போல்ட் கழற்றி மாட்டுகிற ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே வரும் தகடு), பானெட், கதவு, டிக்கி, அப்புறம் பம்பர், இவற்றையாவது. மன்னார்குடியில் இருந்துகொண்டு சொல்கிறேன். பெரிய நகரத்தில் இருந்திருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

போன தை மாதம் நீடாமங்கலம் சாலையில் எதிர்ப்பக்கம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என் பக்கம் ஏறி வர, நான் ஒதுங்கியதில் இடது ஃபெண்டர் மதகுச் சுவரில் உரசி நசுங்கிவிட்டது. வாங்கி இரண்டு வருடமான கார், சில்வர் மெட்டாலிக்.

புது ஃபெண்டர் ஒரே வாரத்தில் வந்தது, நிறம் அடிக்காமல், கறுப்பு ப்ரைமர் என்கிற அடிப்பூச்சோடு. அந்தக் கறுப்பில் குறை ஒன்றும் இல்லை. பாகத்தைத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைப்பது அது. துருவைத் தடுப்பதே அதுதான். சிக்கல் அதற்கு மேலே அடிக்கும் நிறத்தில்தான். தொழிற்சாலையில் சீட், ஒயர் எதுவும் மாட்டாத வெறும் கூட்டில் பெயின்ட் அடித்து, ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். ஓடுகிற காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. அதனால் பட்டறையில் அடிப்பது ஹார்ட்னர் (பெயின்ட்டை இறுக வைக்கும் மருந்து) கலந்த வேறு வகை பெயின்ட். நல்ல பூத் (பெயின்ட் அடிக்கவென்றே உள்ள மூடிய அறை) இருந்தால் 60 டிகிரி அளவில் காய வைப்பார்கள். தஞ்சாவூரில் பூத் உள்ள இடத்தில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் போன உள்ளூர்ப் பட்டறை தகரக் கொட்டகை. தை, மாசியில் அறுவடை மிஷின் ஓடினால் பதரும் தூசும் ஈரப் பெயின்ட்டில்தான் வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று பட்டுப் பூச்சு வெளுத்துப் போகும்.

பெயின்டர் அண்ணன் கெட்டிக்காரர். நான்கு முறை அட்டையில் அடித்துப் பார்த்து நிறம் சேர்த்தார். கொட்டகைக்குள் சரியாக இருந்தது. வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால் ஃபெண்டர் கறுத்துத் தெரிந்தது. மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் எப்படிப் படுகிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் தூரம் மாறினாலே மாறிவிடும். கடைசியில் வித்தியாசம் தெரியாமல் இருக்க, அடிபடாத முன் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதன் மேலும் அடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு மனசு ஆறாதது அதுதான். 140 டிகிரியில் சுட்ட, ஒரு கீறல் கூட இல்லாத பூச்சு அது. இன்சூரன்ஸிலும் சாதாரண பாலிசி என்றால் பெயின்ட் பொருள் செலவில் 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

வெயிலில் வெளுத்த காரில் புதுப் பாகம் தனியாகத் தெரியாதா என்று கேட்பார்கள். பத்து வருடக் காரில் தெரியும். அதற்கு ப்ரைமர் பாகமே இருக்கட்டும். இரண்டு மூன்று வருடக் காரில், அதுவும் வெள்ளையில், பெரிதாகத் தெரியாது. பிளாஸ்டிக் பம்பர் 140 டிகிரி சூட்டைத் தாங்காது என்பதால் அதைத் தனியாகத்தானே அடித்து மாட்டுகிறார்கள்? புதுக் காரிலேயே பம்பரும் ஃபெண்டரும் இம்மி மாறித் தெரிவதுண்டு. அதை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.

இருப்பு வைப்பது கஷ்டம் என்பது நியாயமான பேச்சு. ஒரு மாடலில் எட்டு நிறம் என்றால் இடது, வலது ஃபெண்டர் மட்டுமே 16 வகை. வெள்ளையை மட்டும் குடோனில் வைக்கட்டும், மற்ற நிறங்களை ஆர்டர் வந்தபின் அடித்து அனுப்பட்டும். பைக்குக்கு இது நடக்கிறதே. டேங்க், சைடு கவர் கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வண்டியின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.

பெயின்டர்களின் பிழைப்பு என்னாவது? இது எனக்கும் உறுத்தியது. அண்ணனிடமே கேட்டேன். "வரட்டும் தம்பி. டிங்கரிங் இருக்கு, கீறல் இருக்கு, வெல்டிங் வச்ச பின்பக்க பேனல் இருக்கு. வேலைக்கா பஞ்சம்?" என்றார். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமா வரவைக்கும். வெளிக்காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டியதை அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார். ராத்திரியில் இருமல் தூங்க விடுவதில்லையாம். வாரத்துக்கு இரண்டு ஃபெண்டர் அடிக்காமல் மாட்ட மட்டும் வந்தால் போதும் என்றார்.