இசே கோயில் பழையதா, புதியதா?

ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் இசே கோயிலை ஆயிரம் வருடப் பழமை என்கிறார்கள், கட்டடமோ 2013-இல் கட்டியது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான்.

கி.பி. 690 முதல் 20 வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்துக் காலிமனையில் அச்சு அசலாகப் புதுக்கோயில் எழுப்பி, சூரியதேவி அமதெராசுவின் வடிவாக வணங்கும் புனித முகக்கண்ணாடியை இரவில் அங்கே மாற்றுவார்கள். (உள்நாட்டுப் போர்களால் நடுவில் நூறாண்டுக்கும் மேல் நின்றுபோனது.) சைப்ரஸ் மரத்தூண்களை நேரே மண்ணில் நடுகிறார்கள், கூரை புல்வேய்ந்தது, நாளாவட்டத்தில் உளுத்துத்தானே போகும்? தச்சு வேலையும் தலைமுறை தாண்டிக் கைமாறுகிறது.

எனக்குப் பிடித்தது பழைய மரத்தின் கதை. முகட்டைத் தாங்கிய தூண்களை இழைத்து, கோயில் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இருமுனைத் தோரணவாயில்களாக நிறுத்துகிறார்கள். பழைய கோயிலைப் பிரித்த காலிமனையில் வெள்ளைக் கூழாங்கற்களும், நடுத்தூண் இருந்த இடத்தை மூடிய சின்ன மரக்கூண்டும் மட்டும் இருக்கும், 2033-க்கான புதுக்கோயில் வேலை அங்கே தொடங்கும் வரை.