வழுக்காத டைல்ஸ் என்று வாங்கினோம், வழுக்குகிறதே?

கேள்வி: குளியலறைக்கு 'ஆர்10' என்று அச்சிட்ட டைல்ஸ் வாங்கிப் பதித்தோம். காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. குளித்துவிட்டு வரும்போது அம்மாவுக்குக் கால் வழுக்குகிறது. அட்டையில் இருப்பது பொய்யா? முழுவதும் பெயர்த்துவிட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: பெயர்க்க அவசரப்படாதீர்கள். அம்மா குளிக்கும் இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடியை மட்டும் உடனே பொருத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனை உங்கள் குளியலறைக்கானது அல்ல. புது டைல்ஸைச் சாய்வு மேடையில் பதித்து, எண்ணெய் தடவி, பூட்ஸ் போட்ட ஒருவரை அதன்மேல் நடக்கவிடுவார்கள். சாய்வைக் கூட்டிக்கொண்டே போக, எந்தக் கோணத்தில் அவர் கால் தடுமாறுகிறது என்று பார்த்துத் தருவதுதான் 'ஆர்' எண். வரிசை தொடங்குவதே 9-இல்தான், 13 வரை போகும். ஆகவே ஆர்10 என்பது கீழிருந்து இரண்டாம் படி. பத்துக்குப் பத்து என்று நினைத்துப் பலர் வாங்கிவிடுகிறார்கள். வெறுங்காலுக்கு, சோப்புத் தண்ணீர் விட்டுச் செய்யும் சோதனை தனியாக உண்டு. அதன் முடிவு ஏ, பி, சி என்று வரும். சி-தான் நல்ல பிடிப்பு. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

பதித்த தரையைச் சோதிக்க நான் எடுத்துப்போவது ஊசல் கருவி. அதன் கை நுனியில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். வெறுங்கால் படும் இடம் என்றால் மென்மையான ரப்பரைப் போடுவோம். தரையில் தண்ணீர் தெளித்துக் கையை விட்டால், பட்டை 12 சென்டிமீட்டர் சொச்சம் தரையை உரசிவிட்டு மறுபக்கம் ஏறும். தரை நன்றாகப் பிடித்தால் கை அதிகம் ஏறாது, முள் பெரிய எண்ணில் நிற்கும். வழவழப்பான தரையில் கை விர்ரென்று மேலே போய்விடும். 36-உம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் வாய்ப்பு குறைவு. 24-உம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. ஒரே இடத்தைப் பல திசைகளில் அளக்க வேண்டும். காய்ந்த தரையில் மட்டும் அளந்து 'நல்லா இருக்கு' என்று சொல்பவரை நம்பவே வேண்டாம். காலுக்கும் டைல்ஸுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நிற்கும்போதுதானே ஆள் விழுகிறார்?

கழுவும் முன்பு ஒரு முறை, கழுவிய பின்பு ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். சோப்பும் ஷாம்பூவும் எண்ணெய்ப் பிசுக்கும் டைல்ஸின் சொரசொரப்பில் படிந்து அதை மூடிவிடும். ஈர மாப்பால் இழுத்துவிட்டால் அது போகாது. பிசுக்கு நீக்கும் திரவத்தை ஊற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அப்புறம் எண் ஏறினால் டைல்ஸைத் தொடவே வேண்டாம். கழுவும் முறையை மாற்றினால் போதும்.

ஏறாவிட்டால் வழுக்கல் தடுப்புப் பூச்சு பூசலாம். பூசுபவரிடம் ஈரத் தரை அளவை எழுதி வாங்குங்கள். நடக்க நடக்கப் பூச்சு தேயும் என்பதால், சில மாதங்கள் கழித்து மறுபடி அளப்பதற்கும் இப்போதே பேசிவிடுங்கள்.