பச்சை மைப் பேனா

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறேன், வேலை துபாயில். மகன் சிபிஎஸ்இ மூன்றாம் வகுப்பு முடித்துவிட்டான். செப்டம்பரில் துபாயில் குசைஸ் பக்கம் ஒரு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறோம். ஆண்டுக்கு 18,000 திர்ஹம், பஸ் தனி. துபாயில் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான கே.எச்.டி.ஏ.வின் தரமதிப்பீடு ‘குட்’. ஆனால் சுற்றிப் பார்க்கப் போனபோது வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவரைக்கூடக் காணோம். எல்லாம் நம்மவர்கள், பாகிஸ்தானிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள். உச்சரிப்பு எப்படி வரும்? பெயருக்குத்தான் பிரிட்டிஷ் என்றால் காசு வீண்தானே? அரபி வேறு கட்டாயமாம். நாளைக்கு ஊருக்குத் திரும்பினால் கல்லூரியில் சேர முடியுமா? உங்களுக்கு அங்கே அனுபவம் உண்டு என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இந்த முறை என் மனைவி எனக்கு முன்பே படித்துவிட்டாள். ‘வெள்ளைக்கார ஆசிரியர்’ என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் துபாயில் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பதினோரு வருடம் கெமிஸ்ட்ரி எடுத்தவள். போன வாரம்தான் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பச்சை மைப் பேனாக்கள் கிடைத்தன. அதிலிருந்து எனக்கும் அந்த நாட்களின் நினைப்பாகவே இருக்கிறது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று முடித்தவனை இயர் 5ல் போடுகிறார்கள் என்றதும் டபுள் பிரமோஷன் என்று ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நம் நான்காம் வகுப்பும் அவர்களுடைய இயர் 5ம் ஒரே வயதுதான். அங்கே பத்தாவது மாதிரி ஐஜிசிஎஸ்இ, பன்னிரண்டாவது மாதிரி ஏ லெவல்; ஊர்க் கல்லூரிக்கு இரண்டும் செல்லும். மருத்துவம் என்றால் பயாலஜியை இடையில் விட்டுவிடக் கூடாது. ஒன்பது வயதுப் பையனுக்கு இப்போது இது போதும். அரபி அந்த நாட்டின் மொழி. பிழைக்கப் போன ஊரின் பாஷை நான்கு வார்த்தை பிள்ளைக்கு வந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

‘பிரிட்டிஷ்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அது இங்கிலாந்தின் பாடத்திட்டம், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கே வேறு. அதைச் சொல்லித்தருவது ஒன்று. பிரிட்டிஷ் அரசின் கல்வித்துறை வைத்திருக்கும் ‘பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்’ ஆய்வில் தேறியிருப்பது இன்னொன்று. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் அந்த ஒரு காரணத்துக்காகக் கதவைச் சாத்திவிட வேண்டாம்.

சரி, இப்போது வெள்ளைக்காரர் விஷயம்.

உங்கள் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்கள், அதே மேஜையில் அதே வேலை செய்யும் இங்கிலாந்துக்காரனுக்கு இரண்டு மடங்கு என்று போன வருடம் எனக்கு ஒரு பெரிய கடிதம் எழுதினீர்கள். மறந்துவிட்டீர்கள்போல. எனக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீங்கள் மகனின் பள்ளியில் போய் நின்று ஆசிரியர்களின் தோலின் நிறத்தை எண்ணிவிட்டு வந்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

கணக்கும் தெரியவில்லை. வகுப்பில் 28 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 வீதம் 5,04,000 திர்ஹம். கட்டடம், ஏசி, அரபி ஆசிரியர், பிடி மாஸ்டர், லேப், ஆபீஸ், முதலாளியின் லாபம் எல்லாம் இதற்குள். லண்டனிலிருந்து ஆளைக் கூட்டிவந்தால் சம்பளத்துக்கு மேல் வீடு, வருடாவருடம் விமான டிக்கெட், அவர் பிள்ளைக்கு இலவசப் படிப்பு எல்லாம் கொடுக்க வேண்டும். 60,000, 80,000 வாங்கும் பள்ளிகளால் அது முடியும். குறைந்த கட்டணம் என்று நீங்கள் மிச்சம்பிடிக்கும் காசு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அந்த ஆசிரியையின் சம்பளத்திலிருந்துதான் வருகிறது.

என் மனைவிக்கு முதல் வருடம் 3,800 திர்ஹம். பக்கத்து அறையில் பிசிக்ஸ் எடுத்த இங்கிலாந்துக்காரருக்கு அதைப்போல இரண்டரை மடங்கு, வீடு தனி. நல்ல மனிதர், எங்கள் வீட்டில் வந்து தோசை சாப்பிட்டிருக்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் ஜனவரியில் திரும்பவில்லை. அவருடைய இயர் 10 பிள்ளைகளையும் சேர்த்து ஜூன் வரைக்கும் இவள்தான் இழுத்தாள். நிர்வாகம் அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. சம்பளத்தில் ஒன்றும் கூட்டவில்லை.

காலை 5.40க்கு ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஸ்கூல் பஸ் வரும். இத்திஹாத் ரோட்டு நெரிசலில் அந்த பஸ்ஸிலேயே நோட்டுத் திருத்துவாள். சிவப்பு மை கூடாது, பிள்ளைகளின் மனம் புண்படுமாம். பச்சை மையில் இரண்டு பாராட்டு, ஒரு ஆலோசனை எழுத வேண்டும். ‘இரண்டு நட்சத்திரம், ஒரு ஆசை’ என்று அதற்குப் பெயர். அப்போது விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை காலையில் ஹால் முழுக்க நோட்டுகள் பரந்து கிடக்கும். நான் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போவேன். நூற்று முப்பது நோட்டு, அத்தனைக்கும் நட்சத்திரம். ஒரு பெஷாவர்ப் பையனின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இவனைப் பற்றிச் சொல்ல இரண்டாவது நல்ல விஷயம் எங்கே போய்த் தேடுவேன்?” என்று உட்கார்ந்திருப்பாள். கடைசியில் மார்ஜின் நேராகப் போட்டிருக்கிறான் என்று எழுதினாள். அந்தப் பையன் பிறகு ஏ லெவலிலும் கெமிஸ்ட்ரியே எடுத்தான்.

அப்புறம் உச்சரிப்பு. அதைப் பிள்ளைகள் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்தும் யூடியூபிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். அதற்காக யாருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியதை நீங்கள் பார்க்கவே இல்லை. கே.எச்.டி.ஏ. தளத்தில் அந்தப் பள்ளியின் ஆய்வறிக்கையை எடுங்கள். எந்த வருடத்து அறிக்கை என்று முதலில் பாருங்கள்; 2024-25ல் புதுப் பள்ளிகள் தவிர மற்றவற்றில் முழு ஆய்வு நடக்கவில்லை, ஆகவே உங்கள் ‘குட்’ பழையதாக இருக்கலாம். அங்கே ஆறு படிகள். ‘குட்’ மேலிருந்து மூன்றாவது. எல்லாப் பள்ளியும் எட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் அளவு அது. அந்த ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் பிரைமரிக்கு இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸில் தனித்தனியாக என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அறிக்கையின் ஆரம்பத்திலேயே பள்ளி விவரங்களில் இன்னொரு எண் இருக்கும்: ஒரு வருடத்தில் எத்தனை சதவீதம் ஆசிரியர்கள் மாறினார்கள் என்று. 25 என்றால் நாலுக்கு ஒருவர் போய்விட்டார். 40 என்றால், உங்கள் பையனின் பெயரை அவர்கள் மனப்பாடம் செய்வதற்குள் வேறு டீச்சர் வந்திருப்பார். எனக்கு 12 சதவீதம் உள்ள ‘குட்’ பள்ளி போதும், 35 உள்ள ‘வெரி குட்’ வேண்டாம்.

அட்மிஷன் கவுண்டரில் இதையெல்லாம் கேட்காதீர்கள்; அங்கே நீச்சல்குளத்தைக் காட்டுவார்கள். பள்ளி விடும் நேரத்தில் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போங்கள். ஆசிரியைகள் ஏறுவார்கள், ஒருவராவது தமிழாகவோ மலையாளமாகவோ இருப்பார். “எத்தனை வருஷமா இருக்கீங்க டீச்சர்?” என்று கேளுங்கள். ஆறு, ஏழு என்று இரண்டு பேர் சொன்னால் பணத்தைக் கட்டிவிடலாம். பையில் திருத்தாத நோட்டு இருந்தால் தூக்கி பஸ்ஸில் வைத்துவிட்டு வாருங்கள், கனமாக இருக்கும்.

கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தவள் இதைப் படித்தாள். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. “அந்த ஸ்கூல் லேப்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க” என்றாள். ஒன்பது வயதுப் பையனுக்கு லேப் எதற்கு என்றேன். “பையனுக்கு இல்ல. பதினோரு வருஷம் எழுதி எழுதிக் கொடுத்தும் எங்க ஸ்கூல்ல அதை மாத்தவே இல்ல.”

பார்த்து எழுதுங்கள்.