தொப்புள்கொடி ரத்தத்துக்கு 65,000 கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன், சம்பளம் 42,000. ஊரு காங்கயம் பக்கம். வீட்ல அவங்களுக்கு ஏழாவது மாசம், கட்டுச்சோறு விருந்து இப்பத்தான் முடிஞ்சுது. அவங்க எனக்குச் சொந்த மாமன் மகளுங்க. எங்கண்ணனும் சொந்தத்துலதான் கட்டியிருக்காரு. அவங்க முதல் குழந்தை நாலாவது மாசத்துல வலிப்பு வந்து தவறிப்போச்சு, காரணமே தெரியலைங்க. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சு வச்சா பின்னாடி எந்தப் பரம்பரை நோய் வந்தாலும் காப்பாத்திடலாம்னு ஒரு ஏஜென்ட் 65,000 கேக்கறாரு. ஆஸ்பத்திரியில குதிங்கால் ரத்தப் பரிசோதனை பண்ணலாம்ங்கறாங்க. ஜீன் டெஸ்ட் எடுத்தா இன்சூரன்ஸ் கிடைக்காதுன்னு கூட வேலை பாக்கறவரு சொல்றாரு. ஒன்றரை லட்சம் டெபாசிட் இருக்கு. 2 லட்ச ரூபாய் சீட்டு ஒண்ணு கட்டறேன், இன்னும் எடுக்கல. கம்பெனியில 3 லட்சத்துக்கு குரூப் பாலிசி. சீட்டை எடுத்து எதுல போடட்டுங்க?

பதில்: அந்த 65,000-ஐக் கட்டாதீர்கள். பிறவியிலேயே மரபணுவில் பிழை இருந்தால், குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே பிழைதான் இருக்கும். அதை எடுத்து அதே குழந்தைக்குச் செலுத்தி என்ன பயன்? தன் சொந்தப் பிற்காலத் தேவைக்காக இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலேயே சொல்லியிருக்கிறது. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) போன்ற நோய் இருந்து, அதன் சிகிச்சைக்காக மருத்துவரே கேட்டால் அது வேறு விஷயம். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

குதிங்கால் பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு, மூன்று நாளுக்குள், குதிங்காலில் சின்னதாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தனி வடிதாளில் ஊறவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய்தான். இது பெரும்பாலும் ஜீனைப் படிப்பதில்லை, ரத்தத்திலுள்ள ஹார்மோன், என்சைம் அளவுகளைப் பார்க்கிறது. பிறவித் தைராய்டு குறையை முதல் சில வாரங்களில் பிடித்தால், தினம் ஓரிரு ரூபாய் மாத்திரையில் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். பயோட்டினிடேஸ் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், ஆனால் அதற்கு மருந்து வெறும் வைட்டமின். உங்கள் அண்ணன் குழந்தைக்கு அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறிக்கையில் ஏதாவது வந்தாலும் உடனே நோய் என்று முடிவு கட்டாதீர்கள், உறுதிசெய்யும் பரிசோதனை ஒன்று பாக்கி இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த வரி அண்ணன் குழந்தையைப் பற்றியது. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அண்ணனிடமும் அண்ணியிடமும் பதமாகப் பேசி, அந்தக் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த அறிக்கைகள், ஸ்கேன் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டோடு கோயம்புத்தூரில் ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே ஜீனில் பிழை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. சொந்தத்தில் கட்டும்போது அந்தப் பிழை இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு வழியில் வேறு குழந்தைகள் இப்படித் தவறியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். முதலில் அண்ணன், அண்ணிக்கு டெஸ்ட் எடுத்து எந்த ஜீன் என்று தெரிந்துவிட்டால், உங்கள் குழந்தைக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். அது தெரியாமல் எல்லா ஜீனையும் அலசும் எக்ஸோம் பரிசோதனைக்குப் போனால் பல ஆயிரம் செலவாகும், பல சமயம் தெளிவான பதிலும் வராது. இதற்கு டெபாசிட்டிலிருந்து 40,000 வரை ஒதுக்குங்கள்.

இன்சூரன்ஸ் பயத்துக்கு வருவோம். மரபணு நோய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பாலிசியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பது 2019 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. ஆனால் நோய் உறுதியான பிறகு புதிதாக விண்ணப்பித்தால் நிறுவனம் யோசிக்கும், அந்த நோய்க்குக் கிளெய்ம் தராத காத்திருப்புக் காலம் போடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பாலிசி, பிறகு ஜீன் டெஸ்ட். உங்கள் இருவருக்கும் 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்தார் எல்லோரும் ஒரே தொகையைப் பகிரும் மருத்துவப் பாலிசி) இப்போதே எடுங்கள். இந்தப் பிரசவச் செலவை அது தராது. குழந்தையை எந்த வயதில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், பல பாலிசிகளில் 90 நாள். கம்பெனி பாலிசியில் பிறந்த நாளிலிருந்தே சேர்க்க முடியுமா, எத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும் என்று எச்.ஆர்.-இடம் இந்த வாரமே கேளுங்கள். படிவத்தில் கேட்டதை மறைக்காதீர்கள், பின்னால் கிளெய்ம் அதனாலேயே தள்ளுபடியாகும். இன்னொன்று: வீட்டிலிருந்தே வருடக்கணக்கில் சாப்பிடும் மருந்து, சிறப்புப் பால்மாவு இதையெல்லாம் சாதாரணப் பாலிசி தராது.

பெரிய நோய் என்றே வந்தால், 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவி உண்டு. பணம் கையில் வராது, அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற வேண்டும். பெங்களூருவிலும் திருவனந்தபுரத்திலும் அப்படி மையங்கள் இருக்கின்றன.

சீட்டை இப்போது எடுக்காதீர்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை அதுதான் உங்கள் அவசர நிதி; தேவை வந்தால் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை என்று ஏலத்தில் கேட்டு எடுங்கள். பரிசோதனைகள் நல்லபடியாக வந்துவிட்டால் கடைசி மாதம் வரை விட்டு, ஏலத் தள்ளுபடி இல்லாமல் வாங்கிக் குழந்தை பெயரில் போடுங்கள். மிச்ச டெபாசிட்டில் பிரசவச் செலவு போக இருப்பதைத் தொடவே வேண்டாம்.