புது நகரத்தில் முதல் பருவம்: வாசகர் கேள்வி – பதில்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் பெருநகரத்துக்கு வந்தவர்களும், அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரும் இந்த முறை நிறைய எழுதியிருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: வந்து மூன்று வாரம் ஆகிறது. வகுப்பில் எல்லாரும் அதற்குள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறேன். எனக்குப் பழகத் தெரியவில்லையோ என்று பயமாக இருக்கிறது. (முதலாண்டு மாணவி)

பதில்: மூன்று வாரத்தை வைத்து உங்களை நீங்களே எடை போடாதீர்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஆவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று மனதாரச் சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்பது அதில் கிடைத்த கணக்கு. அதிலும் வகுப்பிலும் வேலையிலும் பக்கத்தில் இருந்த நேரம் அவ்வளவாகச் சேர்வதில்லை. சும்மா பேசியது, சேர்ந்து சாப்பிட்டது, ஊர் சுற்றியது, இதெல்லாம்தான் சேர்கிறது. ஒருவரோடு வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால்கூட முதல் 50 மணி நேரத்துக்கே மூன்று மாதம் ஆகிவிடும். உங்களுக்கு இன்னும் நண்பர்கள் அமையவில்லை என்றால் அது உங்கள் குறை அல்ல, நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பார்க்கும் அந்தக் கூட்டங்களும் பெரும்பாலும் ஒரே அறையில் இருப்பவர்கள், ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்று தானாக ஒட்டிக்கொண்டவை. பருவம் முடிவதற்குள் பாதி கலைந்து வேறு மாதிரி சேரும்.

இன்னொரு விஷயம், இதுதான் உங்களுக்கு உடனே உதவும் என்று நினைக்கிறேன். 1950-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அடுத்த வீட்டில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நெருங்கிய நண்பர் என்றார்கள். அதே தளத்தில் நான்கு வீடு தள்ளி இருந்தவர்களிடம் அது 10 சதவீதம்தான். குணம், ரசனை எல்லாம் அப்புறம். அடிக்கடி கண்ணில் படுவதுதான் முதல் படி. அதனால் ஒவ்வொரு நாளும் புதுப்புது இடமாகத் தேடிப் போகாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இருங்கள். வகுப்பில் ஒரே வரிசை, நூலகத்தில் ஒரே மேசை, சாப்பாட்டுக்கு ஒரே நேரம். விடுதியில் இருந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் அறைக்கதவைத் திறந்து வையுங்கள். ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதைவிட, வாராவாரம் கூடுகிற சின்ன குழு ஒன்றில் சேர்ந்து தவறாமல் போவது எத்தனையோ மேல். பத்து இருபது பேர் இருக்கும் குழுவாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு வாரம் போகாவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஆள் இருக்கும்.

தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி யாரும் எதுவும் நினைப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து உட்கார நினைப்பவரும் தயங்குவார். நிமிர்ந்து உட்காருங்கள், போதும்.

கேள்வி: ராத்திரி படுத்தால் வீட்டு ஞாபகம். அம்மாவோடு தினமும் மணிக்கணக்கில் பேசுகிறேன், வைத்த பிறகு இன்னும் அழுகை வருகிறது. வாராவாரம் வந்துவிடு என்கிறார்கள். போகலாமா? (முதலாண்டு மாணவர்)

பதில்: தம்பி, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். அதில் அவர் விவரிக்கும் ஒருவர், பெர்ன் நகரத்திலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையாகிப்போன இளைஞர். வீட்டுக்குக் கிளம்பியதுமே தேறத் தொடங்கினாராம். முந்நூறு வருடத்துக்கு முன்பே இது மாணவர்களுக்கு நடந்திருக்கிறது.

பேசுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் பேசினால் அந்தக் கனத்தோடுதான் தூங்க வேண்டும். வகுப்பு முடிந்து அறைக்கு வரும்போதோ சாப்பாட்டுக்கு முன்போ பேசுங்கள், அரை மணி நேரம், தினமும் அதே நேரம். அந்த நேரத்துக்குக் கூப்பிடுவான் என்று தெரிந்தால் வீட்டிலும் நிம்மதியாக இருப்பார்கள். பேசி முடித்த கையோடு செய்ய ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், துணி துவைப்பது, நடக்கப் போவது, எதுவானாலும் சரி.

வாராவாரம் போவதைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்பேன். மேலே அந்தப் பெண்ணுக்குச் சொன்ன மணிக்கணக்கு பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் சேர்கிறது, அந்த இரண்டு நாளும் நீங்கள் ஊரில் இல்லை என்றால் இந்த நகரம் உங்களுக்கு வகுப்பும் கட்டிலும் மட்டுமாகவே இருந்துவிடும். அடுத்து எப்போது போகிறோம் என்ற தேதியை இப்போதே முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்துவிடுங்கள். தேதி கையில் இருந்தால் ஏக்கத்தைத் தாங்குவது எளிது.

ஒன்று மட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, வகுப்புக்குப் போகவே முடியவில்லை, எதிலும் மனம் போகவில்லை என்றால் அதை வீட்டு ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது, பல்கலைக்கழக மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: விடுதியில் இடமில்லை. இணையத்தில் ஒரு நல்ல அறை பார்த்தேன், வாடகையும் குறைவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், சந்தை விலைக்குக் கீழே வாடகை, "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே போடுங்கள்" என்ற அவசரம், இந்த மூன்றும் சேர்ந்தால் அது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. படங்கள் வேறு யாரோ ஒருவருடைய வீட்டுப் படங்களாக இருக்கும். நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ உள்ளே போய்ப் பார்க்காத அறைக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம்.

அறை பார்க்கப் போகும்போது பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை போங்கள். நிறுத்தத்தில் இறங்கி அறை வரைக்கும் நடந்து பாருங்கள், நீங்கள் தினமும் வரப்போகிற வழி அது. குழாயைத் திறந்து பாருங்கள், உள்ளே சிக்னல் கிடைக்கிறதா, கதவுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். குளியலறைக்குள் எரிவாயுவில் ஓடும் வெந்நீர் ஹீட்டர் இருந்தால் புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா, காற்றுப் போக்குவரத்து இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். காற்றில்லாத அறையில் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும்; நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலை சுற்றுகிறதே என்று யோசிப்பதற்குள் மயக்கமாகிவிடும். அப்படிப்பட்ட அறையை விட்டுவிட்டு வேறு பாருங்கள், பேரம் பேசவே வேண்டாம்.

தூரத்தில் பெரிய அறையா, பக்கத்தில் சின்ன அறையா என்றால் பக்கத்தில்தான். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்றால் ஐந்து நாளில் பன்னிரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. படிப்பு, தூக்கம், நண்பர்கள் என்று எதிலிருந்தாவது அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குடிபோகும் நாளில் சுவர், தரை, சாமான், மின்மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இந்த விரிசல் நீ போட்டது" என்று அட்வான்ஸில் கழிக்கப் பார்த்தால் தேதியோடு ஆதாரம் இருக்கும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து வரும் பணம் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடுகிறது. ஒரு சீனியர், உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறோம் என்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் வாழ்க்கையைக் கெடுத்துவிடக்கூடியது. செய்யவே கூடாது. அப்படி வருவது பெரும்பாலும் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம், அதைக் கைமாற்றத்தான் மாணவர்களின் கணக்கைத் தேடுகிறார்கள். காவல் துறை தேடிக்கொண்டு வரும்போது காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர் மட்டும்தான், அந்தச் சீனியரின் பெயர் எங்கேயும் இருக்காது. எனக்குத் தெரியாது என்பது பல நாடுகளில் எடுபடாது. ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் யாருக்கும் "கொஞ்ச நாளைக்கு" இரவல் கொடுப்பதும் இதே கதைதான்.

அடுத்து இருபதாம் தேதி. பலரும் மாதப் பணத்தை நான்காகப் பிரித்து வாரக்கணக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் மாதத்தில் நான்கு வாரம் போக இரண்டு மூன்று நாள் மிஞ்சுகிறதே, அந்த நாட்களுக்குப் பணம் எங்கே? பணம் வந்த அன்றைக்கே வாடகை, பயண பாஸ், கைபேசிக் கட்டணம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மிச்சத்தை முப்பத்தொன்றால் வகுத்து ஏழால் பெருக்கினால் ஒரு வாரத்துக்கு எவ்வளவு என்று வரும். அந்தத் தொகையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள், மீதி இன்னொரு கணக்கில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தீர்ந்துபோனால் இரண்டு நாள் கஷ்டம், பத்து நாள் கஷ்டம் இல்லை.

முதல் மாதச் செலவைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மெத்தை, வாளி, புத்தகம் என்று ஒரு தடவை மட்டும் வாங்குகிற பொருள்கள் அதில் இருக்கும். இரண்டாவது மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்த மாதமும் பற்றவில்லை என்றால் வீட்டில் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், கடன் செயலிகள் பக்கம் போகாதீர்கள். நாளுக்கு ஒரு சதவீதம்தானே என்பார்கள். கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறினால் ஒரு வருடத்தில் வாங்கியதைப் போல 37 மடங்குக்கு மேல் ஆகிவிடும். போதாததற்குக் கைபேசியில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் சொந்தக்காரர்களையே கூப்பிட்டு மிரட்டுகிற செயலிகளும் இருக்கின்றன.

கேள்வி: மகள் தனியாக இருக்கிறாள். எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று கைபேசியில் பார்க்கும்படி வைத்துக்கொள்ளச் சொன்னேன், கோபித்துக்கொண்டாள். நான் கேட்டது தப்பா? (ஒரு தந்தை)

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நாள் முழுக்கக் கண்காணித்தால் அவர் கைபேசியை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே போகக் கற்றுக்கொள்வார். அப்புறம் நிஜமாகவே ஆபத்து வரும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு தனியாகப் பயணம் செய்யும்போது மட்டும் இருப்பிடத்தைப் பகிரச் சொல்லுங்கள், வந்து சேர்ந்ததும் அவரே நிறுத்திக்கொள்ளட்டும். அறைத்தோழி எண், இன்னொரு தோழி எண், விடுதி அலுவலக எண் மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். அவர் கைபேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும், அதையும் வாங்கி எழுதி வையுங்கள், கைபேசி திருடு போனால் முடக்குவதற்கு அது வேண்டும். "என்ன நடந்திருந்தாலும் முதலில் கூப்பிடு, திட்டுவதெல்லாம் அப்புறம்" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். சொன்ன மாதிரியே நடந்துகொள்ளவும் வேண்டும்.

கேள்வி: பள்ளியில் முதல் மாணவன் நான். இங்கே பாடம் புரியவில்லை, குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தும் தேர்வில் எழுத வரவில்லை.

பதில்: திரும்பத் திரும்பப் படிப்பதுதான் சிக்கலே. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அதனால் ஒரு வகுப்பு முடிந்த அன்று மாலையே வெற்றுத் தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள், எழுத வராத இடம்தான் புரியாத இடம். அந்த இடத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போங்கள். "எதுவும் புரியவில்லை ஐயா" என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? "இந்த மூன்றாவது படி எப்படி வந்தது?" என்றால் உட்காரவைத்துச் சொல்லித் தருவார். இதற்கு முதல் தேர்வு வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அறையில் தனியாக இருக்கும்போது உடம்புக்கு வந்தால் என்ன செய்வது?

பதில்: உடம்பு நன்றாக இருக்கும்போதே பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பதிவு செய்துவிடுங்கள், இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெர்மாமீட்டர், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருந்தால் போதும். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும், அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். சாதாரணக் காய்ச்சல் என்றாலும் அறைத்தோழரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள், நடுவில் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, குழப்பமாகப் பேசுவது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம், சில மணி நேரத்தில் முற்றிவிடும். அது நெருக்கமாகத் தங்கியிருக்கும் முதலாண்டு மாணவர்களிடம் கூடுதலாகப் பரவக்கூடியது. தடுப்பூசி இருக்கிறது, பதிவு செய்யப் போகும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.