பால் பைத்தான் (ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டியின் முதுகு வளைந்திருக்கிறது, பிழைக்குமா?

தருமபுரியில் ஏப்ரலில் அடைவைத்த முட்டை என்கிறீர்கள். அப்படியானால் எனக்குச் சூட்டின் மீதுதான் முதல் சந்தேகம். பால் பைத்தான் முட்டைக்கு 31-32 டிகிரி செல்சியஸ் போதும். சுமார் 55 முதல் 60 நாளில் பொரியும். நம்மூர் மதிய வெயிலில் முட்டை வைத்த பெட்டியின் சூடு அதைத் தாண்டி ஏறினால் முதுகெலும்பு கோணலாகலாம். ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாட் இருந்தாலும் அதனால் அறையைக் குளிர்விக்க முடியாதே!

லேசான வளைவென்றால் பெரும்பாலும் வாழும். முதல் தோலை உரிக்கட்டும், அப்புறம் சின்ன எலிக்குஞ்சு கொடுத்து, விழுங்கிக் கழிக்கிறதா என்று பாருங்கள். நீவி நிமிர்த்த வேண்டாம். கழிவு வராமல் வயிறு உப்பினால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

தலை ஆடினால் கதை வேறு. பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ என்ற நிறவகைக்கு அது மரபிலேயே வருவது, அதை இணைசேர்க்காதீர்கள்.

சரி, இந்த வெளிநாட்டுப் பாம்பை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்தீர்களா? நம் காட்டு மலைப்பாம்பென்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்கவே கூடாது.