வன்னித் தோட்டத்து மரக்கறியை ஓன்லைனில் விற்க ஆப் வேண்டுமா?

கேள்வி: விசுவமடு, தர்மபுரம் பக்கம் பதினைந்து தோட்டக்காரர் சேர்ந்து கிளிநொச்சி வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நேரடியாக மரக்கறி விற்க யோசிக்கிறோம். ஆப் செய்ய எவ்வளவு முடியும்? எங்கே தொடங்குவது?

ஆப்பை இப்போதைக்கு விடுங்கள். வட்ஸ்அப், ஒரு கூகுள் படிவம், ஒரு கூகுள் தாள் இருந்தால் ஐம்பது அறுபது வீடு வரை தாராளமாக ஓட்டலாம். ஓடரை எப்போது மூடுவது, எங்கே நிறுப்பது, பட்டா (சிறு லொறி) வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதை முதலில் முடிவெடுங்கள். அது சரிவராவிட்டால் எந்த ஆப்பும் உதவாது.

ஓடர் முதல், அறுவடை பிறகு. ஞாயிறு பின்னேரம் ஒவ்வொரு தோட்டக்காரரும் வெள்ளிக்கு என்ன வரும், எத்தனை கிலோ வரும் என்று குரல் பதிவாக அனுப்பட்டும். தட்டச்சுச் செய்யச் சொன்னால் பாதிப்பேர் அனுப்பமாட்டார்கள். ஒருவர் அதைத் தாளில் ஏற்ற வேண்டும். நூறு கிலோ என்றால் எழுபத்தைந்தை மட்டும் பட்டியலில் போடுங்கள். இடையில் ஒரு மழையோ பூச்சியோ வந்தால் மிச்சம் தாங்கும். திங்கள் காலை படிவத்தைத் திறந்து, புதன் மாலை ஆறு மணிக்கு மூடுங்கள். அன்றிரவே யார் எவ்வளவு பிடுங்க வேண்டும் என்ற கணக்கு தோட்டக்காரர் கைக்குப் போக வேண்டும். வெள்ளி காலை ஏழு மணிக்கு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து, பத்து மணிக்குள் வீடுகளுக்குப் போய்விட வேண்டும். "தெரிந்த ஆள்தானே" என்று மூடிய பிறகு ஒரு ஓடர் எடுத்தால் அடுத்த கிழமை பத்துப்பேர் அப்படிக் கேட்பார்கள்.

படிவத்தில் அளவை எழுத விடாதீர்கள். ஒருவர் "அரைக்கிலோ" என்பார், இன்னொருவர் "500" என்பார், தாளில் கூட்டல் குழம்பிவிடும். 0.5, 1, 2 என்று தெரிவு மட்டும் வையுங்கள். கீரைக் கட்டுக்கு எடை எழுதுங்கள் (250 கிராம் என்றால் 250 கிராம்தான்). பூசணிக்கு முன்கூட்டியே விலை சொல்ல முடியாது; கிலோ விலையைப் போட்டு, நிறுத்த பிறகு பில் என்று எழுதிவிடுங்கள். இன்னொன்று: படிவத்துக்குக் கையிருப்புக் குறையத் தெரியாது. 20 கிலோ கத்தரிக்காய்க்கு 35 கிலோ ஓடரும் வாங்கி வைக்கும். காலையும் மாலையும் தாளைப் பார்த்து, முடிந்த பொருளை எடுத்துவிட வேண்டும்.

வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கே செய்தி போகும். "பட்டியல் வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எல்லாரையும் ஒரே குழுவில் போட்டால் ஒருவர் பழுத்த வெண்டிக்காய் படம் போட, அன்றைய வியாபாரம் அதோடு சரி.

வெண்டிக்காய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதை ஒன்றுவிட்ட நாளாவது பிடுங்காவிட்டால் முற்றி நார் விழும். நீங்கள் கிழமைக்கு ஒருநாள் எடுத்தால் மற்றப் பிடுங்கல்கள் எல்லாம் சந்தைக்கோ வழமையான வியாபாரிக்கோதான் போக வேண்டும். ஆகவே வியாபாரியோடு கோபித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவென்று அவர் காசில்லாமல் வெட்டுவது கொடுமைதான், மறுக்கவில்லை; ஆனால் அன்றைக்கே முழுவதையும் எடுக்கிறவர் அவர்தான். பாகல், பயித்தங்காய்க்கும் இதே கதை. கத்தரிக்காயும் பூசணியும் உங்கள் முறைக்கு இலகு. தக்காளியை நிறம் திரும்பும்போதே பிடுங்கி, உரப்பையில் இல்லாமல் பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவரச் சொல்லுங்கள். உரப்பையில் வந்தால் அடியில் கிடப்பது சாறாகிவிடும்.

விலையை உதாரணத்துக்குப் பார்ப்போம். வியாபாரி தோட்டத்தில் 120 ரூபா கொடுக்கிறார், கடையில் 220 ரூபா. நீங்கள் 180 என்று வைத்தால் தோட்டக்காரருக்கு 145, வாகனத்துக்கு 15, நிறுத்துப் பொதியிடுபவருக்கு 10, கழிவுக்கும் பைகளுக்கும் 10. இந்த 15 ரூபாதான் பலரைக் கவிழ்க்கும். பட்டா வாடகை 6000 ரூபா என்றால் 400 கிலோ ஏற்றினால்தான் 15 வரும். 200 கிலோ என்றால் 30 ஆகிவிடும். அளவு சேரும்வரை பட்டா வேண்டாம். லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து, ஆட்களை அங்கே வந்து எடுக்கச் சொல்லுங்கள். அறிவித்த விலையைக் கிழமை முழுக்க மாற்றாதீர்கள்.

சாப்பாட்டுக் கடைக்குத் தனிப் பட்டியல் வேண்டும். அவர்களுக்கு வளைந்த கத்தரிக்காய் பிரச்சினையில்லை, ஆனால் காலை ஆறு மணிக்கு வேண்டும், கடனும் கேட்பார்கள். ஒரு கிழமைக் கடனுக்கு மேல் போகாதீர்கள். வீட்டுக்காரர் வங்கிச் சிலிப்பின் படத்தை அனுப்பினால் அதை நம்பாமல் கணக்கில் காசு விழுந்ததா என்று பாருங்கள். பழைய சிலிப்பே திரும்ப வருவதுண்டு.

பூச்சிமருந்தடித்த திகதியைத் தாளில் ஒரு நிரலாக வையுங்கள். மருந்தடித்ததற்கும் பிடுங்குவதற்கும் இடையே விட வேண்டும் என்று போத்தலில் அச்சிட்ட நாட்கள் முடியாத பொருளைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. "இயற்கை" என்ற சொல்லை, உண்மையில் அப்படிச் செய்கிறவரின் பொருளுக்கு மட்டும் போடுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் தோட்டத்தில் தண்ணீர் நின்றால் மரக்கறிப் பட்டியல் சுருங்கும். அப்போது வாடிக்கையாளர் கைவிட்டுப் போகாமலிருக்க உழுந்து, பயறு, ஒடியல் மா, முட்டை, பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசி என்று சேருங்கள். தை பிறந்தால் கச்சானும் வரும்.

வீடுகள் நூறைத் தாண்டி, தாள் கையை மீறும்போது ஓபன் ஃபுட் நெட்வொர்க் போன்ற திறந்த மூல மென்பொருளை (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) பார்க்கலாம். 2012இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. ஓடர் திறந்து மூடும் முறை அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஓடுகிற கணினியான சர்வரைப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தையும் கிலோ விலைக்குள் ஏற்றிக் கணக்குப் பாருங்கள்.